வீட்டுக்குள் வந்த காரியாலயம்

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் வீதிகளில் ஒரு வீட்டினுள் நுழைந்து பார்ப்போமாயின், கூடத்தின் பெரும்பகுதியைத் தறி ஒன்று அடைத்துக்கொண்டு நிற்பதையும், அதன் குழியில் கால்களை இறக்கி மிதிகளை மாறி மாறி அழுத்தியபடி நெசவாளர் அமர்ந்திருப்பதையும், வெளிச்சம் வரும் பக்கம், பாவு நீளுவதற்கு வேண்டிய இடம் எல்லாம் தறிக்கே விடப்பட்டு, உண்பதும் உறங்குவதும் மிச்சமிருக்கும் இடத்தில் நடைபெறுவதையும் காணலாம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையாயின் ஒருவர் கை போதாது. மறுபக்கத்து நாடாவை எறிய இன்னொருவர் அருகில் உட்கார வேண்டும். அவர் பெரும்பாலும் அந்த வீட்டு மனிதராகவே இருப்பார். வேலை நேரத்தில் நெசவாளரைக் கடைக்குப் போய்வரும்படி எவரும் ஏவுவதில்லை. தறியின் ஓசையே அவர் வேலையில் இருக்கிறார் என்பதைத் தெருவுக்கெல்லாம் அறிவித்துவிடுகிறது.

வீட்டிலிருந்து வேலை செய்வதை ஏதோ நேற்று முளைத்த நாகரிகமாக நினைப்போர்க்கு இதை முதலிலேயே நினைவூட்டுவது நலம். நெசவு, தட்டார் வேலை, தையல், பாய் முடைதல், சுருட்டுச் சுற்றுதல் என்று மனிதன் செய்த தொழில்களில் பெரும்பாலானவை வீட்டோடு ஒட்டியே வளர்ந்தன; வேலைக்கென்று ஓரிடமும் வாழ்வதற்கென்று வேறோரிடமும் பிரிந்தது ஆலைகளும் காரியாலயங்களும் பெருகிய பின்னர்தான். அந்தப் பிரிவினையைத் திரும்பவும் அழிக்கலாம் என்ற யோசனையை 1973-இல் முன்வைத்தவர்களுள் முக்கியமானவர், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் போக்குவரத்து நெரிசலைக் கண்டு அலுத்துப்போன ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஊழியரை நாள்தோறும் வேலையிடத்துக்குச் சுமந்து செல்வதைக் காட்டிலும், தொலைபேசிக் கம்பிகளின் வழியே வேலையை ஊழியரிடம் அனுப்பிவிடுவது சிக்கனம் என்பது அவர் கணக்கு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் மெல்ல ஊர்ந்து வந்த அந்த யோசனை, 2020 மார்ச் 24 இரவில் கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் பணிபுரிந்த பல்லாயிரம் பேரின் படுக்கையறைக்குள் சில நாட்களிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

தறியைச் சுற்றி எழுந்த வீட்டுக்கும் மடிக்கணினி நுழைந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு சாமானியமானதன்று. மடிக்கணினி ஓசை எழுப்பாது. அதன் முன் அமர்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர், பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா இருப்பவராகவே தோன்றுவார்; சும்மா இருப்பவரிடம் சிலிண்டர்க்காரருக்குக் கதவு திறக்கச் சொல்வதில் தவறென்ன? இந்த நிலைமையில் வேலை ஓடாதபோது, அவரும் அவருடைய மேலதிகாரியும் ஒருங்கே பழிபோடுவது அவருடைய மனத்திண்மையின் மீதுதான். அதிகாலையில் எழு, அட்டவணை போடு, சித்தத்தை அடக்கு என்ற உபதேசங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்விஷயத்தை முறைப்படி அளந்து பார்த்த ஆராய்ச்சிகள், மனத்திண்மைக்கு நாம் கொடுத்திருக்கும் ஸ்தானத்தில் பெரும்பகுதியை அறைக்கும், ஓசைக்கும், ஒளிக்கும், வீட்டுப் பொறுப்புகள் யார் தலையில் விழுகின்றன என்ற ஏற்பாட்டுக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருப்பதையே காட்டுகின்றன.

அவற்றுள் பெயர்பெற்ற பரிசோதனை ஷாங்காய் நகரில் நடந்தது. சீட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டு ஸ்தாபனத்தில், தொலைபேசி வழியே விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும் பதிவு செய்து தரும் ஊழியர்களைக் கொண்டு, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் நிக்கொலஸ் ப்ளூமும் அவருடைய தோழர்களும் 2010-இன் இறுதியில் அதைத் தொடங்கினர். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பித் தகுதியும் பெற்ற 249 பேரை, பிறந்த தேதி இரட்டைப் படையாயின் வீட்டுக்கும் ஒற்றைப் படையாயின் காரியாலயத்துக்கும் என்று பிரித்தார்கள். வீட்டுக் குழுவினர் வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலும் ஒரு நாள் காரியாலயத்திலும் வேலை செய்தனர். ஒன்பது மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது, வீட்டுக் குழுவின் வேலை 13 சதவீதம் உயர்ந்திருந்தது. அதில் 9 பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து அவர்கள் கூடுதல் நிமிஷங்கள் வேலை செய்ததால் வந்தது. எஞ்சிய 4 பங்கு, ஒவ்வொரு நிமிஷத்திலும் கூடுதலான அழைப்புகளைக் கவனித்ததால் வந்தது. வீட்டில் அமைதி இருந்தது என்று ஊழியர்கள் காரணம் கூறினார்கள். வேலையை விட்டு விலகுவோர் தொகையும் பாதியாகக் குறைந்தது.

இந்தப் பதின்மூன்று சதவீதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்டன. அவ்வளவாக எழுதப்படாத செய்தி ஒன்று அந்தப் பரிசோதனையின் விதிமுறைகளிலேயே அடங்கியிருக்கிறது: வீட்டில் வேலை செய்யத் தகுதி பெறுவதற்கு, ஆறு மாத அனுபவமும் நல்ல இணைய இணைப்பும் இருப்பதோடு, வேலைக்கெனத் தனி அறை ஒன்றும் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த நிபந்தனையைத் தாண்டி வந்தவர்களைத்தான் அங்கே அளந்தார்கள். அவர்களிலும் பலருக்குத் தனிமை கசந்தது. பரிசோதனை முடிந்து, இனி அவரவர் விருப்பம் என்று ஸ்தாபனம் அறிவித்தபோது பாதிக்கு மேற்பட்டோர் தம் இடத்தை மாற்றிக்கொண்டனர். தமக்கு ஒவ்வாத இடத்தை அவர்கள் விட்டு நீங்கவே, வீட்டு வேலையின் ஆதாயம் 22 சதவீதமாக ஏறியது.

இனி நம் சென்னைக்கு வருவோம். டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்னும் மூவர், கணினியில் தரவுகளைப் பதிவு செய்யும் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சென்னையில் ஆட்களை அமர்த்தி, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரைக் காரியாலயத்திலும் வேலை செய்ய வைத்து, அதன் முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். வீட்டில் இருந்தோரின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு வேலைக்கு வந்த முதல் நாளிலேயே தென்பட்டது. மீதம், காரியாலயத்தில் இருந்தோர் நாளடைவில் தொழிலை விரைவாகக் கற்றுக்கொண்டதால் ஏற்பட்டது. முதல் நாளிலேயே சோம்பல் குடிகொள்ளும் என்று எவரும் வாதிக்க மாட்டார்கள். புது வேலைக்கு வந்த முதல் நாள் எவருக்கும் உற்சாகமான நாள். ஆகவே குறைவுக்குக் காரணம் ஆளிடம் இருப்பதைவிட, ஆள் உட்கார்ந்த இடத்தில் இருப்பதாகக் கொள்வதே பொருத்தம்.

அந்த ஆராய்ச்சியில் வேறொரு செய்தியும் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் புள்ளிகளிலும் அதுவே எனக்கு மிகவும் உறுத்தலாகப் படுகிறது. வீட்டு வேலையே வேண்டும் என்று விரும்பியவர்கள், தொடக்கச் சோதனையில் மற்றவரைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழையின்றியும் வேலை செய்யக்கூடியவர்களாக இருந்தார்கள். அதாவது, திறமையில் அவர்கள் ஒரு படி மேல். ஆனால் வீட்டில் உட்கார வைத்தபோது அதிகமாக இழந்தவர்களும் அவர்களே: காரியாலயத்தை விரும்பியோர் வீட்டில் 13 சதவீதம் குறைவாக வேலை செய்தார்களென்றால், வீட்டை விரும்பியோர் 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். தனக்கு நஷ்டமான இடத்தை ஒருவர் ஏன் விரும்ப வேண்டும்? விரும்பியவர்களில் குழந்தைகளையோ வேறு வீட்டாரையோ கவனிக்கும் பொறுப்புடையோரும், வறிய குடும்பத்தினரும் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தால் விடை ஓரளவு கிடைத்துவிடுகிறது. அது விருப்பம் என்ற பெயரில் நின்ற நிர்ப்பந்தம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறக்க ஆளில்லாத வீட்டில், காரியாலயம் போவதா வேண்டாமா என்ற வினாவுக்கே இடமில்லை. அந்த வீடு, திறமையான ஒருவரை இருத்திக்கொண்டு அவருடைய திறமையில் கால் பங்கைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்கிறது. ஷாங்காயில் தனி அறை என்ற விதி வெளியே நிறுத்தி வைத்த மனிதர்களையே சென்னைப் பரிசோதனை உள்ளே அழைத்து அளந்தது என்று சொன்னாலும் பெரிய பிழையாகாது.

இடத்தின் வசதி ஒருபுறமிருக்க, காலம் துண்டுபடுவது மறுபுறம் நிற்கிறது. ஆசியாவின் பெரியதொரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களின் கணினிப் பதிவுகளைக் கொண்டு கிப்ஸ், மெங்கல், சீம்ராத் என்போர் செய்த ஆராய்ச்சியில், தொற்றுக்காலத்தில் வீட்டுக்குப் போனவர்கள் வேலை செய்த நேரம் கூடிற்று; முடித்த வேலையோ சற்றே குறைந்தது; ஆகவே மணிக்கணக்கில் பார்த்தால் உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை இறங்கியது. நேரம் எங்கே போயிற்று என்று துருவியபோது, கூட்டங்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசி ஒழுங்கு செய்யும் வேலைகளும் பெருகி, இடையீடின்றி ஒரே காரியத்தில் ஆழ்ந்திருக்கும் அவகாசம் வெகுவாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது. மவுஸ் அசைகிறதா, ஊழியர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று காவல் காக்கும் மென்பொருள்களை வாங்கிப் போடும் நிர்வாகங்கள் இதைப் படித்துப் பார்க்கலாம். அந்தப் பச்சைப் புள்ளியை அணையாமல் காப்பதற்காகவே, ஐந்து நிமிஷத்துக்கொரு முறை வேலையை விட்டு வந்து செய்திப் பலகையைத் தொட்டுப் போகும் ஊழியர்கள் எத்தனை பேர்!

துண்டுபட்ட காலம் ஏன் இவ்வளவு வீணாகிறது என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது கண்ணும் கையும் உடனே திரும்பிவிடுகின்றன. கவனத்தில் ஒரு பகுதி மட்டும் பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. 2009-இல் சோஃபி லெராய் என்னும் அறிஞர் இதைக் கவனத்தின் எச்சம் என்று வர்ணித்தார். முதல் வேலை முடிவுறாமல் நின்றிருந்தால் அந்த எச்சம் அதிகமாக இருப்பதையும், அடுத்த வேலை அதனால் குன்றுவதையும் சோதித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தப்பட்ட காரியத்தை, எவரும் கேளாமலே தொடர்ந்து முடிக்க வேண்டும் என்ற உந்துதல் மனிதனிடம் இருப்பதை, பெர்லினில் கர்ட் லெவினின் மாணவியாயிருந்த மரியா ஓவ்சியாங்கினா 1928-லேயே பதிவு செய்திருக்கிறார். வீட்டில் இந்த உந்துதலுக்கு இரட்டை வேலை. அடுப்பில் வைத்த குக்கரின் எத்தனையாவது விசில் என்ற எண்ணமும், நேற்று விடை அனுப்பாத கடிதம் என்ற எண்ணமும் ஒரே மண்டைக்குள் ஒரே சமயத்தில் விண்ணப்பம் போடுகின்றன.

இதற்கு மாற்று மருந்தும் ஆராய்ச்சியிலேயே கிடைக்கிறது. மருந்து வியக்கத்தக்க அளவு மலிவானது. முடியாத வேலையை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. எப்போது, எங்கே, எப்படி அதை மேற்கொள்ளப் போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதி வைத்துவிட்டாலே, அது இடையிடையே தலைநீட்டித் தொல்லை தருவது அடங்கிவிடுகிறது என்பதை மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டார்கள். மாலையில் கணினியை மூடுமுன் நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் குறித்துவைக்கும் பழைய குமாஸ்தா வழக்கத்துக்கு இவ்வளவு தாமதமாக ஒரு நற்சான்று கிட்டியிருக்கிறது.

ஓசையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் இதில் நம் சொந்த அனுபவம் நம்மை அடிக்கடி ஏமாற்றுகிறது. உரத்த சப்தம்தான் வேலையைக் கெடுக்கும், மெல்லிய பேச்சு ஒன்றும் செய்யாது என்று நாம் நினைத்திருக்கிறோம். 1976-இல் கோல், வெல்ஷ் என்னும் இருவர், திரையில் தோன்றும் எழுத்துக்களை வரிசைப்படி நினைவில் வைத்துச் சொல்லும்படி சிலரைக் கேட்டுக்கொண்டு, அந்நேரத்தில் அவர்களுக்குத் தெரியாத அந்நிய மொழியில் ஒருவர் படிப்பதை ஒலிக்கச் செய்தார்கள். பொருள் விளங்காத அந்தப் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் பிழைகள் பெருகின. பின்னர் வந்த ஆராய்ச்சிகளில், அப்பேச்சின் ஒலியளவைச் சாதாரண எல்லைக்குள் கூட்டினாலும் குறைத்தாலும் தொல்லை பெரிதாக மாறவில்லை என்பது தெரிந்தது. ஒரே சீராக இரையும் ஓசையோ, அவ்வளவாகத் தீங்கு செய்யவில்லை. ஆக, செவி வழியே வரும் ஒலி நொடிக்கு நொடி மாறிக்கொண்டே போவதுதான் வில்லங்கம். டிலன் ஜோன்ஸ் முதலியோர் இந்த மாறுதலையே காரணமாக முன்வைத்தார்கள். வரிசைகளை மனத்தில் ஏந்தி நிற்கும் பணியை மூளை செய்துகொண்டிருக்கும்போது, மாறி மாறி வரும் அசைகளும் தம் வரிசையை அதே இடத்தில் கொண்டுவந்து கொட்டுகின்றன.

நம் வீடுகளுக்கு இதைப் பொருத்திப் பார்க்கையில் நியாயங்கள் தலைகீழாகின்றன. தலைக்குமேல் கடகடவென்று சுழலும் பழைய மின்விசிறி, ஏ.சி.யின் உறுமல், ஜன்னலில் விடாது பெய்யும் மழை ஆகியவற்றைப் பற்றி முறையிடுகிறோம். அவை சித்தத்தைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. அடுத்த அறையில் தணிந்த ஒலியில் வைத்திருக்கும் தொலைக்காட்சித் தொடரை, சப்தமே இல்லையே என்று பொறுத்துக்கொள்கிறோம். மாமியாரும் மருமகளும் மாறி மாறி விம்மும் அந்த வசனங்கள்தான், கணக்குச் சரிபார்ப்பவரையும் நிரல் எழுதுபவரையும் உள்ளிருந்து அரிக்கின்றன. ஒலியைக் குறைக்கச் சொல்வதால் பயனில்லை என்பதால், கதவைச் சாத்துவதும், கதவு இல்லாத வீட்டில் மின்விசிறியை ஒரு படி வேகமாக்கிப் பேச்சை அதன் இரைச்சலில் முழுக்குவதும் செய்யக்கூடியவை. பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்தால் நன்றாக ஓடுகிறது என்போருக்கும் ஒரு வார்த்தை: கை மட்டும் ஓடும் வேலைக்கு அது உற்சாகம் தரலாம், எழுதவும் படிக்கவும் வேண்டிய வேலைக்குச் சொற்கள் உள்ள பாட்டு அனுகூலமன்று.

வீட்டிலேயே நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து உலகத்தின் எண்ணத்தைப் புரட்டியவர் ஒருவர் உண்டு. 1842-இல் லண்டனை விட்டுக் கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்துக்குக் குடிபோன சார்லஸ் டார்வின், 1882-இல் இறக்கும் வரையில் அந்த வீட்டின் படிப்பறையைவிட்டு வேறெந்தக் காரியாலயத்துக்கும் போகவில்லை. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை ஆராய்ச்சி. அதன்பின் ஒரு மணி நேரம் வந்த கடிதங்களைக் கேட்டுக்கொண்டிருத்தல். மீண்டும் பத்தரையிலிருந்து நண்பகல் வரை ஆராய்ச்சி. அத்தோடு அன்றைய முக்கிய வேலை தீர்ந்ததாகக் கருதித் தோட்டத்தை ஒட்டிய மணற்பாதையில் உலாவப் போய்விடுவார். மாலையில் இன்னும் ஒரு மணி நேரம். மொத்தத்தில் நான்கு மணி நேரம். கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் பிராணிகளை எட்டு ஆண்டுகள் அறுத்தறுத்துப் பார்த்து முடித்ததும், 1859-இல் உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய நூலை வெளியிட்டதும் இந்த நான்கு மணிக் கணக்கில்தான்.

அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. பொடிச்சாடியை எழுதும் மேஜைமீது வைத்தால் கை ஓயாது அதனிடமே போகும் என்பதை அறிந்து, அதைப் படிப்பறைக்கு வெளியே கூடத்தில் வைத்துவிட்டார்; ஒவ்வொரு சிட்டிகைக்கும் எழுந்து நடந்து போக வேண்டும். ஜாடியின் மூடி கிணுங்கும் ஓசை அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிய ஓசை என்று அவருடைய மகன் பிரான்சிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசையை வென்றுவிட்டதாக டார்வின் எங்கும் பறைசாற்றிக் கொள்ளவில்லை. அவர் சேர்த்தது சில அடி தூரம் மட்டுமே. இன்று நம் மேஜைமேல் அந்த ஜாடி இருக்கும் இடத்தில் செல்பேசி இருக்கிறது. எடுத்துப் பார்க்காவிட்டாலும், செய்தி வந்தது என்ற அதிர்வு மட்டுமே கவனத்தைக் குலைத்துப் பிழைகளைக் கூட்டுகிறது என்று ஸ்டோதார்ட் முதலியோர் 2015-இல் சோதித்துக் காட்டியிருப்பதால், அதைக் கவிழ்த்து வைப்பதைவிடக் கூடத்து அலமாரிக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

டார்வினின் தினசரியைப் புகழ்ந்து எழுதுவோர் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். அவருக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்து ஏழு பேர் வளர்ந்தார்கள். படிப்பறைக் கதவு சாத்தியிருந்த நேரத்தில் வீட்டை நடத்தியவர்கள் அவர் மனைவி எம்மாவும் வேலைக்காரர்களும். நான்கு மணி நேரம் கலையாத தனிமை என்பது, வேறு எவரோ கலைந்து கொடுத்ததால் கிடைத்தது. சென்னைப் பரிசோதனையில் 27 சதவீதத்தை இழந்தவர்களின் நாள், அந்தக் கதவுக்கு மறுபுறத்து நாள்.

காரியாலயம் போகிறவருக்கு அவர் கேளாமலே கிடைத்துவந்த நன்மைகளுள் ஒன்று வெயில். நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள், உடலின் நாழிகை வட்டிலாக இயங்குகிறது. வெளி உலகத்தின் ஒளியே படாமல் விட்டால் அது நடத்தும் நாள் சராசரியாக 24 மணியைவிடச் சில நிமிஷங்கள் நீண்டிருக்கும். ஆகவே தினந்தோறும் அதைச் சூரியனோடு ஒத்திசைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்வது காலை ஒளி. பார்வைக்கென்று இருக்கும் அணுக்களைத் தவிர, விழித்திரையில் மெலனாப்சின் என்னும் பொருளை உடைய பிரத்தியேகமான சில அணுக்கள் இருந்து, நீல ஒளியை விசேஷமாக உணர்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பது 2002-இல்தான் உறுதியாயிற்று. வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெளியே மர நிழலில் பத்தாயிரம் வரை இருக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். கண் தன்னைத் தானே அனுசரித்துக் கொள்வதால் இந்தப் பெரும் பேதத்தை நாம் உணர்வதில்லை; அறை நன்றாகத்தானே வெளிச்சமாக இருக்கிறது என்ற பிரமையில் இருந்துவிடுகிறோம். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றவருக்குக் கிடைத்த ஒளி, படுக்கையிலிருந்து எழுந்து பத்தடி நடந்து மேஜைக்கு வந்தவருக்குக் கிடைப்பதில்லை. காலையில் மொட்டைமாடிக்கோ தெருமுனைக்கோ ஒரு நடை போய்வருவது, இரவில் உரிய நேரத்துக்குக் கண் செருகவும் உதவும்.

படுக்கையிலேயே சாய்ந்தபடி வேலை செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தூக்கமின்மைக்குச் சிகிச்சையாக ரிச்சர்டு பூட்ஸின் 1972-இல் வகுத்த முறையின் சாரமே, படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் உரியதாக வைப்பது. அலுவலை அங்கே கொண்டுபோனால் படுக்கையும் கெட்டு அலுவலும் கெடும்.

பிற்பகல் உறக்கத்துக்கோ சென்னையிலேயே ஒரு சுவையான சாட்சியம் கிடைத்திருக்கிறது. உண்ட மயக்கம் என்று நாம் சோற்றின்மேல் போடும் குற்றம் முழுவதும் நியாயமானதன்று. மதிய உணவு உண்ணாதவர்க்கும் அந்நேரத்தில் உடற்கடிகாரம் ஒரு தாழ்வை உண்டாக்கத்தான் செய்கிறது. பெஸ்ஸோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, தோமா என்னும் ஐவர், சென்னையில் டேட்டா என்ட்ரி வேலை செய்த 452 பேரைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உண்மையில் உறங்கியது ஐந்தரை மணி நேரமே என்பது கையில் கட்டிய கருவிகளால் தெரியவந்தது. புழுக்கமும், கொசுவும், தெருவின் இரைச்சலும் நிறைந்த இரவுகள்! வேண்டிய பொருள்களும் ஊக்கமும் தந்து இரவு உறக்கத்தை 27 நிமிஷம் கூட்டிப் பார்த்தார்கள். வேலையிலோ அறிவுக் கூர்மையிலோ ஒரு மாற்றமும் தென்படவில்லை. அதே மனிதர்களில் சிலரைப் பிற்பகலில் அமைதியான இடத்தில் அரை மணி நேரம் படுக்க விட்டபோது, உற்பத்தித்திறனும் மனநிலையும் உயர்ந்தன. அந்நேரத்தைச் சும்மா இடைவேளையாகக் கழித்தவரைவிட உறங்கியவர் மேலாக இருந்தார். ஆனால் இடைவேளையே இன்றி வேலை செய்தவரோடு ஒப்பிட்டால், உறங்கிய நிமிஷங்களின் கூலி போனதால் மொத்த வருவாய் சற்றுக் குறைந்தது. இந்த இரண்டாம் பகுதியை மறைத்துவிட்டுக் குட்டித் தூக்கத்துக்குக் கொடி பிடிப்பவர்களை நம்ப வேண்டியதில்லை. கூலி நிமிஷக் கணக்கில் இல்லாமல் வேலையின் தரத்தில் இருக்கிறவர்க்கு அது ஆதாயம். அதையும் அரை மணிக்கு மேல் நீட்டினால், ஆழ்ந்த நித்திரையில் அகப்பட்டு, எழுந்த பின்னும் நெடுநேரம் தலை தெளியாது.

இத்தனை ஏற்பாடுகள் செய்தாலும் வீட்டில் கிடைக்காதவை சில உண்டு. எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவரில் ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே செல்லும் நேரம் பெரும்பாலான மொழிகளில் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்களவுதான். வீடியோ அழைப்பின் தாமதம் இந்த நுண்ணிய தாளத்தைக் கெடுப்பதால்தான் அங்கே இருவரும் ஒன்றாகப் பேசி, இருவரும் ஒன்றாக நிறுத்துகிறோம். புதுப் பொருள்களுக்கு யோசனை சொல்லும்படி இணை இணையாக ஆட்களை அமர்த்திய புரூக்ஸ், லெவாவ் என்போரின் ஆராய்ச்சியில் (2022), நேரில் இருந்த இணைகளைவிடத் திரை வழியே பேசிய இணைகள் குறைந்த யோசனைகளையே தந்தன. கிடைத்த யோசனைகளுள் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவர்கள் பின்தங்கவில்லை. கண்கள் திரையோடு கட்டுண்டு கிடக்கும்போது எண்ணமும் சுற்றித் திரிவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். புதியவர் தொழில் கற்பதும் இந்த வகைதான். சென்னையில் காரியாலயத்தில் இருந்தோர் விரைவாகக் கற்றதை மேலே கண்டோம்.

எனவே சில நாள் வீடு, சில நாள் காரியாலயம் என்ற கலப்பு முறையைப் பல ஸ்தாபனங்கள் இப்போது கைக்கொண்டிருப்பதில் வியப்பில்லை. முதற் பரிசோதனை நடந்த அதே சீட்ரிப் நிறுவனத்தில், இம்முறை பட்டதாரிகளான பொறியாளர், சந்தைப்படுத்துவோர், கணக்கர் முதலிய 1,612 பேரைக் கொண்டு 2021, 22 ஆண்டுகளில் ஆறு மாத காலம் இதைச் சோதித்து, ப்ளூமும் தோழர்களும் 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டில் இருந்தவர்களிடையே வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளின் திறமை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அங்கிருந்த 395 மேலாளர்களிடம், இந்த ஏற்பாட்டால் உற்பத்தித்திறன் எப்படி மாறும் என்று தொடங்குமுன் கேட்டபோது, சராசரியாக 2.6 சதவீதம் குறையும் என்றிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது, 1 சதவீதம் கூடும் என்றார்கள்.